ஜம்ப் ஸ்குவாட்: இறங்கும்போது முட்டி உள்ளே சாயுது

கோத்தகிரி பையன்:
போலீஸ் வேலைக்கு உடல்தகுதித் தேர்வு வருது. காலையில 6 மணிக்கு வாசல் சிமெண்ட் தரையில ஜம்ப் ஸ்குவாட் (முட்டி மடக்கி உட்கார்ற மாதிரி இறங்கி, மேலே குதிக்கிறது) 20 போடுறேன். 10 தாண்டினா ரெண்டு முட்டியும் உள்ளே சாயுது, தொம்முனு சத்தம் வேற. என்ன தப்புண்ணா?

குன்னூர் அண்ணன்:
தம்பி, அந்தச் சத்தத்தைக் கவனி. முன்பாதம் முதல்ல தொடணும், அப்புறம் குதிகால். அப்பவே இடுப்பு பின்னாடி போய் முட்டி மடங்கணும். காலை விறைப்பா வச்சு இறங்கினா அடி மூட்டுக்குத்தான். முட்டி கால்விரல் பார்க்கிற திசையிலேயே போகட்டும். நெஞ்சு நிமிர்ந்திருக்கணும். 20 வேண்டாம். 5 குதி, 1 நிமிஷம் நில்லு, திரும்ப 5. முட்டி சாய ஆரம்பிச்சா அன்னைக்கு நிறுத்திடு. நான் தேயிலைத் தோட்டச் சரிவுல குதிச்சு 2 மாசம் படி இறங்க முடியாம கிடந்தவன். சமதரையில மட்டும் செய்ப்பா.

ஊட்டி டீச்சர்:
ஜனவரிக் குளிர்ல எழுந்ததும் குதிக்காதீங்க தம்பி. 10 நிமிஷம் நடந்து, சாதா ஸ்குவாட் 15 போட்டு உடம்பு சூடாகட்டும். புல்லுல உறைபனி இருந்தா வழுக்கும்.

கோத்தகிரி பையன்:
இன்னைக்கு 5, 5-ஆ போட்டேன். மூணாவது சுத்து வரைக்கும் முட்டி சாயலை. நன்றிண்ணா, நன்றி டீச்சர்.