திட்டம் பலித்ததா என்று சொல்ல வேண்டியது யார்?

புள்ளிக்காரன்:
வளர்ச்சி உதவித் திட்டங்களை மதிப்பிட, பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் நாடுகள் 1991-இல் ஐந்து அளவுகோல்கள் வைத்தன: பொருத்தம், பலன், சிக்கனம், தாக்கம், நீடிப்பு. 2019-இல் ஒத்திசைவு ஆறாவதாகச் சேர்ந்தது. இப்போது பழங்குடிகள் தங்கள் முறையிலேயே மதிப்பிடட்டும் என்கிறார்கள். ஊருக்கு ஓர் அளவுகோல் என்றால் பொலிவியாவையும் கென்யாவையும் எப்படி ஒப்பிடுவது? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கதைதான்.

ஆற்றோரம்:
இலுப்பையை நீங்களே இழுத்துவிட்டீர்கள். நர்மதைக் கரை மலையில் அதே இனமான மஹுவாவின் பூதான் பல குடும்பங்களுக்கு உணவும் கைக்காசும். அந்த ஆற்றின் குறுக்கே குஜராத்தில் கட்டிய சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985-இல் 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. நிபுணர்கள், அளவுகோல்கள் எல்லாம் கையில் இருந்தன. ஆனால் நர்மதை நீர்த் தகராறைத் தீர்த்த தீர்ப்பாயத்தின் 1979 ஆணைப்படி, நிலம் மூழ்கியவர்களில் மாற்று நிலம் பட்டா வைத்திருந்தவருக்குத்தான். தலைமுறையாகக் காட்டு நிலத்தில் விதைத்தவர்கள் காகிதத்தில் ஆக்கிரமிப்பாளர்கள். தலையெண்ணிக்கையே தப்பாக இருந்தால் பலனை எதை வைத்துக் கணக்கிடுவீர்கள்?

புள்ளிக்காரன்:
அது கணக்கெடுப்பில் நேர்ந்த கோளாறு. நன்றாக எண்ணினால் போயிற்று. இதற்குப் பழங்குடி முறை எதற்கு? அணைத் திட்டத்தை மறுஆய்வு செய்த மோர்ஸ் குழுவை 1991-இல் அமைத்ததும் அதே உலக வங்கிதானே? தன் தவறைத் தானே திருத்திக்கொண்டது.

ஆற்றோரம்:
அந்தக் குழுவில் இருந்தவர் யார் என்று பாருங்கள். துணைத் தலைவர் தாமஸ் பெர்ஜர், கனடா நீதிபதியாக இருந்தவர். 1974 முதல் 1977 வரை கனடாவின் வடக்கே மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் போடும் திட்டத்தை விசாரித்தார். தலைநகரில் உட்கார்ந்து நடத்தவில்லை, 35 ஊர்களுக்குப் போனார். டெனே, இனுயிட் என்ற அங்கத்திய பழங்குடி மக்கள் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். வேட்டைக்காரர் சொன்னதும் நிபுணர் சொன்னதும் ஒரே பதிவேட்டில் ஏறின. பத்தாண்டு பொறுங்கள் என்றது அறிக்கை.

அவர் நர்மதைக்கும் வந்தார். 1992 ஜூனில் வங்கி விலகி நின்று யோசிக்க வேண்டும் என்று குழு எழுதியது. அப்படியும் இயக்குநர்கள் அந்த அக்டோபரில் திட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்றது இந்தியாதான். பாதிக்கப்பட்டவர்கள் புகார் தர வங்கிக்கு ஆய்வுக் குழு என்று ஒன்று வந்ததும் அதே ஆண்டில். தானே திருத்திக்கொண்டதற்கு இது ரொம்ப நீளமான வழி.

அப்புறம், நன்றாக எண்ணினால் போதும் என்பது. ஆற்று வண்டலில் போடும் தர்ப்பூசணி, மீன், தீவனம், எதிர்க்கரையில் கட்டிக் கொடுத்த பெண்... இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் வேண்டுமே. கட்டத்தை யார் போடுவது என்பதுதான் என் கேள்வி.

வெயில்நதி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வெளியாள் ஊருக்குள் வந்தால் கட்டிலில் உட்கார்ந்து பேசுவது ஊர்த் தலைவரான பட்டேலும் அவர் ஆட்களும். பெண்கள் பின்னால் நிற்பார்கள். அதை ஊர்க்குரல் என்று எழுதி அனுப்பிவிடுவோம். குஜராத்தின் வறண்ட கச்சுப் பகுதியில் குடிநீருக்குக் காத்திருந்தவர்களுக்கும் இந்த அணையில் பங்கு உண்டு. ஊர் மட்டும் உட்கார்ந்து மதிப்பிடும் வட்டத்தில் அவர்களுக்கு இடம் எங்கே?

ஆற்றோரம்:
பட்டேல் பிரச்சினை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் படிவம் மட்டும் யோக்கியமா? அதே ஆணையில் வயது வந்த மகன் தனிக் குடும்பம். வயது வந்த மகள் அப்படி இல்லை. பெண்ணைப் பின்னால் நிறுத்தியதில் சட்டம் பட்டேலுக்குச் சளைத்ததல்ல. பெண்களைத் தனியாக உட்கார்த்திக் கேட்க வேண்டும், சரி. கச்சின் தாகத்தையும் எடை போடுங்கள். தட்டில் ஒரு பக்கத்துச் சாமானே ஏறாமல் எடை போட்டதுதான் என் புகார்.

புள்ளிக்காரன்:
எதை எண்ணுவது என்று திட்டத்துக்கு முன்பே ஊர் சொல்லட்டும், அதுவரை ஒப்புக்கொள்கிறேன். எண்ணுவது வெளியாளாக இருக்க வேண்டும். தரவும் ஊர் கையிலேயே இருக்கட்டும் என்று கனடாவின் முதற்குடிகள் 1998 முதல் கேட்பதுபோல் போனால், பிடிக்காத முடிவு வெளியே வருமா?

ஆற்றோரம்:
இன்று அது கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறது. அவருக்குப் பிடிக்காத முடிவு வெளியே வர நர்மதைக்காரர்கள் எத்தனை ஊர்வலம் போனார்கள் என்று பாருங்கள்.

வெயில்நதி:
இரண்டு பேரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்தால் என்ன?

புள்ளிக்காரன்:
இரண்டும் ஒத்துப்போகாதபோது எதன்படி பணம் தருவது, மேடம்? அதையும் சொல்லுங்கள்.