புதுப்பிப்பு: இரண்டாம் கியர் உரசல், எண்ணெய் மாற்றிய பிறகு

என் பழைய காரில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது கரகரவென்று உரசுகிறது, என்ஜின் சூடாகும்வரை மோசம் என்று முன்பு எழுதியிருந்தேன். கியர்பாக்ஸை இறக்கி சின்க்ரோ வளையங்களை (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்துபவை) மாற்றச் சொன்னார்கள் பலர். ஒருவர் மட்டும் முதலில் கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்க்கச் சொன்னார். அவருக்கு மனமார்ந்த நன்றி.

எண்ணெய் நிரப்பும் திருகைத்தான் முதலில் கழற்றினோம். இந்த வரிசையை மாற்றவே கூடாது. எண்ணெயை வடித்துவிட்ட பிறகு நிரப்பும் திருகு கழல மறுத்தால், புது எண்ணெய் ஊற்ற வழியின்றி வண்டியை நகர்த்த முடியாது. எண்ணெய் வடிக்கும் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது. விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன்; மாவாகக் கரைந்தது, சில்லு ஒன்றுகூட இல்லை. இது வழக்கமான தேய்மானம். சில்லு வந்திருந்தால் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும்.

முந்தைய உரிமையாளரின் ரசீதில் ஜிஎல்-5 (கியர் எண்ணெயின் தர வகை) என்றிருந்தது. கையேடு கேட்பதோ ஜிஎல்-4. ஜிஎல்-5 எண்ணெயில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதல். பழைய பித்தளை வளையங்களுக்கு அது பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. வழுக்கல் மிகுந்தால், வளையம் கியரைப் பற்றி வேகத்தைச் சமப்படுத்தத் தாமதமாகும்; அந்த இடைவெளியில்தான் பற்கள் உரசுகின்றன.

புதிய செப்பு வாஷர் போட்டு, சமதளத்தில் நிறுத்தி, துளையின் விளிம்பில் வழியும்வரை ஜிஎல்-4 ஊற்றினோம். வண்டி சூடானபின் உரசல் அறவே இல்லை. குளிரில் மட்டும் லேசாகக் கேட்கிறது. வளையம் ஓரளவு தேய்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். க்ளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் ரிவர்ஸும் உரசும்; அது சத்தமில்லாமல் விழுவதால் க்ளட்ச் மீது சந்தேகமில்லை. கியர்பாக்ஸை இறக்கும் வேலையை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.