மறு: இன்ஹார்மானிசிட்டி – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,
பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் கட்டற்ற செயலி ஒன்றின் தமிழாக்கம் வெள்ளியோடு முடிகிறது. மிச்சமுள்ள வரிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லில் சிக்கி நிற்கின்றன.

பொருள் இதுதான். ஒரு கம்பி ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் ஒலிக்கும்; ஒவ்வொன்றும் ஒரு கூறு. விறைப்பே இல்லாத கம்பியில் மேல் அதிர்வெண்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 என முழு மடங்காக அமையும். பியானோவின் எஃகுக் கம்பி விறைப்பானது. ஆகவே மேலே போகப் போக ஒவ்வொன்றும் கூடுதலாக ஏறும். எவ்வளவு ஏறும் என்பதைப் 'பி' என்ற எண் சொல்லும். பி 0.0004 என்றால் 4ஆவது கூறு ஐந்தரை சென்ட், 8ஆவது ஏறத்தாழ 22 சென்ட் ஏறியிருக்கும் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). இதை அளந்துதான் செயலி ஸ்தாயிகளை எவ்வளவு அகட்டுவது என்று கணக்கிடுகிறது.
– த.

> மிச்சமுள்ள வரிகளில் பாதிக்கு மேல்

சீரிசையின்மை. பள்ளிப் பாடநூலில் 'தனிச்சீரிசை இயக்கம்' (சிம்பிள் ஹார்மானிக் மோஷன்) இருக்கிறதே, அதிலிருந்து எடுத்தால் முடிந்தது.
– மு.

முடியவில்லை, மு. 'இன்மை' என்பது இல்லாததைச் சொல்வது. இங்கே ஒன்று இருக்கிறது, அதற்கு அளவும் இருக்கிறது. 'இன்மை 0.0004' என்று எழுதினால் இலக்கணம் முகம் சுளிக்கும். 'வறுமை மூன்று கிலோ' என்பது மாதிரி.

'மேற்சுர விலகல்' எப்படி? படித்ததும் புரியும்.
– செ.

இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, மேற்சுரம் என்றால் அடிப்படையை விட்டுவிட்டு எண்ணுவது. முதல் மேற்சுரம் என்பது இரண்டாவது கூறு. செயலியோ அடிப்படையையும் சேர்த்து எண்ணுகிறது. அதன் '4'-ஐ '4ஆம் மேற்சுரம்' என்று எழுதினால் பயனர் ஐந்தாவதைத் தேடுவார்.

இரண்டாவது இன்னும் ஆபத்து. திரையில் முள்ளுக்குக் கீழே ஏற்கெனவே 'விலகல்: +3.2 சென்ட்' என்று வருகிறது. அது கம்பி இலக்குச் சுருதியிலிருந்து தள்ளி நிற்பது. ஆணியைத் திருகிச் சரிசெய்யலாம். நாம் பேசுவது கம்பியின் தடிமன், நீளம், இழுவிசை சேர்ந்து தருவது. ஆணியைத் திருகித் தீராது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் ஆணி திருகும் சுத்தியலை எடுத்துவிடுவார்கள்.
– த.

ஐயா, இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. யாழ் நரம்பின் குற்றங்கள் நான்கு: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. சிலப்பதிகார வேனிற்காதையில் மாதவி இவற்றை நீக்கி அல்லவா யாழை எடுக்கிறாள். ஆர்ப்பு என்பதற்குச் சொன்ன மாத்திரையின் ஓங்கி இசைத்தல் என்று பொருள் கூறுவர். இருக்க வேண்டிய அளவைவிட ஓங்கி நிற்பது! இதைவிடப் பொருத்தமாக எங்கே கிடைக்கும்? ஆர்ப்பு, ஆர்ப்பெண், ஆர்ப்பளவி. மூன்றும் தயார்.
– பு.

'ஆர்ப்பை அளவிடு' என்ற பொத்தானை அழுத்துகிறவர் ஆர்ப்பாட்டத்தை எதிர்பார்ப்பார்.
– மு.

சிரிப்பை விடுங்கள், பொருளிலேயே தகராறு. அந்த நான்கும் நீக்க வேண்டிய குற்றங்கள். இது குற்றமில்லை, நீக்கவும் முடியாது. அதே தடிமன், அதே சுருதி, ஆனால் கம்பியின் நீளம் பத்தில் ஒன்று குறைவு என்றால் பி ஒன்றரை மடங்காகும். குட்டைப் பியானோவில் அது கூடுவதற்கு அடிப்படைக் காரணம் அதுதான். அதைக் குற்றம் என்றால் பெட்டியைத்தான் நீட்ட வேண்டும்.
– செ.

இலங்கைப் பாடநூல்களில் தனிச்சீரிசை இயக்கத்துக்கு வேறு பெயர். 'சீரிசை'யை வைத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்புத் தேவைப்படும். எதிர்க்கவில்லை, சொல்லி வைக்கிறேன்.
– ந.

பெயர் எதுவானாலும், உதவிப் பக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். தவறான பி கிடைப்பது சொல்லால் அல்ல. நடுப்பகுதியில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள். இரண்டை ரப்பர் ஆப்பு வைத்து முழுக்க அடக்கிவிட்டு ஒன்றைத்தான் அளக்க வேண்டும். ஆப்பு நழுவினால் இரண்டு கம்பிகளின் கூறுகள் கலந்து விம்மல் (ஒலி கூடிக் கூடிக் குறைவது) வரும், எண் தாவும். சுத்தி நடுப்பகுதிக் கம்பியை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கில் அடிப்பதால் 8ஆவது கூறு மெலிந்தே வரும். அதற்குப் பதிலாக அறையின் இரைச்சலைச் செயலி பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரே சுரத்தைச் சில முறை அளந்து, ஒட்டாத எண்ணைத் தள்ளிவிட வேண்டும். பக்கத்துச் சுரங்களோடும் ஒப்பிடுங்கள்: வெறும் எஃகுக் கம்பிப் பகுதியில் பி மேலே போகப் போக ஒழுங்காக ஏறும். நடுவில் ஒன்று மட்டும் குதித்தால் அளவை மேல் சந்தேகப்படுங்கள். செப்புச் சுற்றிய கம்பி தொடங்கும் இடத்தில் மட்டும் குதிப்பது இயல்பு.
– இ.

நன்றி இ., இது அப்படியே உதவிப் பக்கத்துக்குப் போகிறது.

'சீரிசைப் பிறழ்வு' என்று வைத்து, பி-க்குப் 'பிறழ்வெண்' என்றால்? பிறழ்வு அளவையும் ஏற்கும், முள்ளின் 'விலக'லோடும் மோதாது. தனித்தனிக் கூறுக்குக் 'கூறுசுரம்'.
– த.

பிறழ்வு என்றால் மரபணு நினைவுதான் வருகிறது. ஆனாலும் சரி.
– மு.

சரி.
– செ.

குறிப்போடு சரி.
– ந.

பதிவுக்காக: நான் உடன்படவில்லை. பிறழ்வு எந்தப் பக்கமும் போகலாம். இது மேலேதான் போகும். ஆர்ப்பு திசையையும் சேர்த்துச் சொல்கிறது. இதற்கு யாரும் விடை சொல்லவில்லை.
– பு.

பு. சொல்வது நியாயம்தான், ஆனால் நாள் இல்லை. பிறழ்வையே ஏற்றிவிட்டேன். அடுத்த வரி, ஸ்தாயியை அகட்டுவது: 'நீட்சி' வேண்டாம், கம்பியை இழுப்பதாக நினைப்பார்கள். 'ஸ்தாயி' என்பதா 'மண்டிலம்' என்பதா என்ற பேச்சைத் தயவுசெய்து தனி இழையில் தொடங்குங்கள்.
– த.