பெரிய ஊர்தான் வேகமாக வளருமா? 2001–2011 கணக்கில் எந்த எண்ணை எடுப்பது?

எண்பித்தன் (கேள்வி):
தமிழ்நாட்டு நகரங்களுக்கு ஒரு வரைபடம் போடுகிறேன். கீழே 2011 மக்கள்தொகை, பக்கவாட்டில் பத்தாண்டு வளர்ச்சி. மாநகராட்சி எண்ணிக்கையைப் போட்டால் சென்னை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சம், 7% தான். சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்த நகரக் கூட்டுப்பகுதியைப் போட்டால் 65.6 லட்சம் 86.5 லட்சமாகி 32% வருகிறது. எது சரி? வேலைவாய்ப்பையும் இதில் சேர்க்கணும். சென்சஸில் உள்ள தொழிலாளர் எண்ணிக்கை போதுமா?

நூல்பிடி:
மாநகராட்சி எண்ணிக்கையை விட்டுவிடுங்க. பழைய 174 சதுர கி.மீ.க்குள் புதிதாகக் குடியேற இடமில்லை. வீடுகள் முளைத்ததெல்லாம் அம்பத்தூர், ஆவடி, தாம்பரம் பக்கம். 2011 அக்டோபரில் மாநகராட்சி எல்லை 426 சதுர கி.மீ. ஆனதும், அதே கணக்கெடுப்பின்படி 46 லட்சம் சுமார் 67 லட்சமாகிவிட்டது. ஒருத்தர்கூடப் புதிதாக வரவில்லை, கோடு மட்டும் நகர்ந்தது.

கூட்டுப்பகுதிப்படி, 2001 அளவில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால்: சென்னை 32%, கோவை 46%, மதுரை 22%, திருச்சி 18%, சேலம் 22%, திருப்பூர் 75%. ஆறில் சிறியது முதலிடம், அதற்கு முந்தைய சேலம் பின்தங்கல். அளவுக்கும் வேகத்துக்கும் இங்கே ஒட்டே இல்லை.

ஆனால் இந்த எண்ணையும் அப்படியே நம்பாதீங்க. கேரளத்தில் மலப்புறம் கூட்டுப்பகுதி 2001இல் 1.7 லட்சம், 2011இல் 17 லட்சம். பத்து மடங்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? அக்கம்பக்கத்து ஊர்கள் 'சென்சஸ் டவுன்' ஆகிக் கூட்டுப்பகுதிக்குள் வந்துவிட்டன. 5,000 பேர், சதுர கி.மீ.க்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்தவர்கள்) 75% விவசாயம் அல்லாத வேலை: இந்த மூன்றும் இருந்தால் கிராமம் சென்சஸ் டவுன். ஆண்கள் வயலை விட்டு மில்லுக்குப் போனாலே ஊர் 'நகரம்' ஆகிவிடும். தமிழ்நாட்டில் இவை 111இலிருந்து 376 ஆயின. திருப்பூரின் 75%இலும் இது கலந்திருக்கிறது. பழைய நகராட்சி எல்லைக்குள் வளர்ச்சி 29% தான்.

ஆக, 2011 எல்லையை நிலையாக வையுங்க. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஊரின் 2001 எண்ணிக்கையையும் தேடிக் கூட்டுங்க. அதற்குப் பிறகு வளர்ச்சியைப் பாருங்க.

எண்பித்தன்:
ஒவ்வொரு கிராமத்துக்கும் சென்சஸ் தரும் குறியீட்டு எண்கள் இரண்டு ஆண்டுக்கும் பொருந்தவில்லையே?

நூல்பிடி:
பொருந்தாது. 2001இல் எட்டு இலக்கம், 2011இல் ஆறு. 2011 சென்சஸ் மாவட்டக் கையேட்டின் கிராமப் பட்டியலில் இரண்டு குறியீட்டையும் அருகருகே போட்டிருக்கும், அதைப் பிடிங்க. பெயரை மட்டும் வைத்துச் சேர்த்தால் ஒரே பெயரில் பல கிராமம் வந்து குழப்பும், தாலுகாவையும் ஒப்பிடணும். ஒரு கிராமத்தின் பாதி மட்டும் நகர்ப்பகுதியில் சேர்ந்திருந்தால், முழுக் கிராமத்தையும் இரண்டு ஆண்டிலும் எடுங்க. பாதியைப் பிரிக்க முயல வேண்டாம். மாவட்ட மொத்தத்தை வைத்து ஒப்பிடவும் கூடாது. திருப்பூர் மாவட்டமே 2009இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்தது.

அச்சுமுறை:
கீழ் அச்சில் 2011 எண்ணிக்கை வைப்பது தப்பு. வேகமாக வளர்ந்த ஊர், வளர்ந்ததாலேயே 2011இல் பெரிய ஊராக நிற்கும். 'பெரியது வேகமாக வளரும்' என்ற முடிவு படத்திலேயே ஒளிந்திருக்கும். தொடக்க ஆண்டான 2001 அளவைப் போடுங்க.

பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்கள் பற்றிய தலைப்புச் செய்தியும் இதே கதைதான். இந்தியாவில் இவை 35இலிருந்து 53 ஆயின, அவற்றின் மக்கள் சுமார் 10.8 கோடியிலிருந்து 16 கோடி. இதை 'பெருநகரங்கள் 49% வளர்ந்தன' என்று எழுதுவார்கள். புதிதாகச் சேர்ந்த 18 நகரங்களின் முழு மக்கள்தொகையும் அதில் 'வளர்ச்சி'யாகப் புகுந்திருக்கிறது. 2001இல் இருந்த 35ஐ மட்டும் தொடர்ந்து பாருங்க.

அளவுக்கு மடக்கை (log) எடுக்கணும், இல்லையென்றால் சென்னை ஒரு மூலையில், மற்றதெல்லாம் இன்னொரு மூலையில் குவியும்.

நொய்யல்கரை:
வேலைக்கு வருவோம். சென்சஸ் தொழிலாளரை அவர் குடியிருக்கும் ஊரில்தான் எண்ணுகிறது. தாம்பரத்தில் வீடு, ஸ்ரீபெரும்புதூரில் வேலை என்றால் அவர் தாம்பரத்துக் கணக்கு. 'இந்த நகரத்தில் எத்தனை வேலை' என்பதற்கு வேலையிடத்தில் எண்ணும் பொருளாதாரக் கணக்கெடுப்பு வேண்டும்: 2005, 2013. இரண்டிலும் பயிர்த்தொழில் கிடையாது. 2013இல் அரசு நிர்வாகம், பாதுகாப்புத் துறையையும் எடுத்துவிட்டார்கள். 2005இலிருந்தும் அவற்றைக் கழித்த பிறகே ஒப்பிடணும். விட்டால் தலைநகரமும் மாவட்டத் தலைநகரங்களும் வேலை இழந்த மாதிரி தெரியும்.

திருப்பூருக்கு இன்னொன்று. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது 2011 ஜனவரி கடைசியில், தலைக்கணக்கெடுப்பு பிப்ரவரியில். வேலை நின்று சொந்த ஊர் திரும்பியிருந்தவர்கள் அந்த ஊரில்தான் எண்ணப்பட்டிருப்பார்கள். ஒற்றைத் தொழில் நகரங்களுக்கு எண்ணப்பட்ட மாதமும் முக்கியம்.

நூல்பிடி சொன்னதில் ஒரு மாறுபாடு: வேகத்தோடு அளவு ஒட்டவில்லை என்பது சரி. ஆனால் சென்னைக் கூட்டுப்பகுதியில் கூடியது 21 லட்சம் பேர், திருப்பூரில் 4 லட்சம். குடிநீர்க் குழாய்க்கும் பேருந்துக்கும் திட்டம் போடுகிறவருக்கு இந்த எண்தான் தேவை. இரண்டாவது படமாகக் கூடிய ஆட்களையும் போட்டுவிடுங்க.