கொல்லையில் தங்கியிருக்கும் ஆறுமணிக்குருவி: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில், வாழைக்கும் மதில்சுவருக்கும் இடையே, ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ஓர் ஆறுமணிக்குருவி தங்கியிருக்கிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை இது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். வந்த புதிதில் சமையலறைச் சன்னல் கண்ணாடியில் மோதித் தரையில் கிடந்ததை, துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வைத்து, எதையும் புகட்டாமல் விட்டிருந்தோம். தெளிந்ததும் தானாகவே பறந்துவிட்டது. (வாயில் தண்ணீர் ஊற்றச் சொன்ன அக்கம்பக்கத்தாரைச் சமாளித்ததுதான் பெரும்பாடு.)

இப்போது துவைக்கும் கல்லருகே நான் நின்றாலும் பொருட்படுத்தாமல், சருகுகளை அலகால் புரட்டிப் புழுக்களைத் தேடுகிறது. குட்டை வாலை அசைக்கும்போது அடிவயிற்றுச் சிவப்பு பளிச்சென்று தெரிகிறது.

இவ்வளவு நெருங்கிப் பழகுவதே எனக்குக் கவலையாக இருக்கிறது. கண்ணாடியின் உட்புறம் திரை போட்டும் வெளியே மரங்களின் பிம்பம் மறையவில்லை என்பதால், வெளிப்புறத்தில் கோடுகள் வரைந்து பயன் கண்டவர்கள் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்று சொல்லுங்கள். தெருப்பூனையைத் தடுக்க வலை கட்டினால் குருவியே சிக்கிக்கொள்ளும். வேறு வழி உண்டா? சருகைக் கூட்டாவிட்டால் பாம்பு அடையும் என்று வீட்டில் சொல்வதும் நியாயமே. எந்த அளவுக்கு விட்டுவைக்கலாம்?

கூண்டில் வைத்துக் காப்பாற்றும் யோசனை மட்டும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.