வெயிலில் வளைந்த யுபிவிசி குழாய்: 80 டிகிரியை எட்டாமலேயே இது எப்படி நேர்கிறது?

வினா:
வணக்கம். மொட்டை மாடிச் சுவரை ஒட்டி 10 மீட்டர் நீளத்திற்கு நேராகப் பொருத்திய சாம்பல் நிற யுபிவிசி (இளக்கும் பொருள் சேர்க்காத கடினமான பிவிசி பிளாஸ்டிக்) குழாய், இப்போது கிளாம்புகளுக்கு இடையே வில்லாக வளைந்து நிற்கிறது. இரவில் குளிர்ந்த பிறகும் நிமிர்வதில்லை. இந்தப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில்தான் இளகும் என்று படித்திருக்கிறேன். வெயிலில் அவ்வளவு சூடு ஏறியிருக்காது. அப்படியானால் இது சரக்கின் குறையா, பொருத்திய முறையின் குறையா? இதே குழாயில் வெந்நீரும் விடலாம் என்று பிளம்பர் சொல்வதை ஏற்கலாமா?

மறுமொழி 1:
பொருத்திய முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். யுபிவிசி ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீள்கிறது. எஃகு நீள்வதோ 0.012 மட்டுமே. உங்கள் 10 மீட்டர் குழாய் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் 21 மில்லிமீட்டர் நீண்டாக வேண்டும். இரு முனைகளையும் இறுக்கிவிட்டால் அந்த நீளம் போக இடமில்லை. அப்போது குழாய்க்குள் உண்டாகும் தகைவு (ஓரலகுப் பரப்பில் ஏறும் விசை) 6 மெகாபாஸ்கல் அளவுதான். ஏறத்தாழ 50 மெகாபாஸ்கல் இழுவலிமை உள்ள பொருள் அதனால் உடையாது, பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும். மேலும் இதன் வெப்பக் கடத்துதிறன் மிகக் குறைவு (சுமார் 0.16 வாட்/மீட்டர்·கெல்வின்) என்பதால், வெயில் படும் பக்கம் சூடேறி நீள, நிழல் பக்கம் பின்தங்குகிறது; குழாய் வெயில் பக்கமாகப் புடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் குழாய் இரவில் ஏன் நிமிரவில்லை என்பதற்கு அது விடையாகாது. 80 டிகிரி என்பது கண்ணாடி போன்ற இறுகிய நிலையிலிருந்து இப்பொருள் ரப்பர் போன்ற நிலைக்கு மாறும் இடம். அதற்குக் கீழே எல்லாம் கல்லாக நிற்கும் என்று பொருளல்ல. 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் நாள் முழுதும் வளைந்தே இருந்தால், சங்கிலி மூலக்கூறுகள் மெல்ல நகர்ந்து அந்த வடிவத்திலேயே அமர்ந்துவிடும். மீள்தன்மையின் ஒரு பகுதி அங்கேயே தொலைந்துவிடுகிறது.

வெந்நீர் கூடவே கூடாது. 60 டிகிரியில் இக்குழாய் தாங்கும் நீரழுத்தம், 23 டிகிரியில் தாங்குவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். வெந்நீருக்குக் குளோரின் மிகுதியாகச் சேர்த்த சிபிவிசி இருக்கிறது.

சரக்கைப் பற்றி ஒன்று: கனமான குழாயே தரமானது என்ற நம்பிக்கை தவறு. சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மீறிக் கலந்தாலும் எடை கூடும், அடி தாங்கும் திறன் குறையும்.

வினவியவர்:
நன்றி. புளோ டார்ச்சால் சூடேற்றி நிமிர்த்தலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். தீ நாக்கு பட்ட இடம் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு புகை வெளிவரும். பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின்தான். வளைந்த துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துங்கள். நடுவில் ஒரு கிளாம்பை மட்டும் இறுக்கி, மற்றவற்றில் குழாய் வழுக்கி நகரும்படி சிறிது இடைவெளி விடுங்கள். முனைகளில் எல்போ வைத்துத் திருப்பும் இடத்தில் சுவரை முட்டாமல் 20 மில்லிமீட்டராவது விடுவது நல்லது. வெளிப்புறத்திற்கு வெள்ளை நிற நீர்ப் பெயிண்ட் அடித்தால் சூடும் குறையும், புற ஊதாக் கதிரும் நேரடியாகத் தாக்காது. தின்னர் கலந்த பெயிண்டைத் தவிருங்கள்.