ஊசுட்டேரியில் வழிகாட்டியுடன் நீர்ப்பறவை நோக்கல்

லாஸ்பேட்டை வாசகி: என் பன்னிரண்டு வயது மகளை வரும் சனவரியில் புதுச்சேரியை அடுத்த ஊசுட்டேரிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அனுபவமுள்ள வழிகாட்டியுடன் போவதால் கூடுதலாக என்ன கிடைக்கும்?

வில்லியனூர் வாசகர்: நிறையவே கிடைக்கும், அம்மா. சென்ற குளிர்காலத்தில் சேற்றோரம் நின்ற இரண்டு சிறு பறவைகளையும் ஒரே இனமென்றே நான் எண்ணியிருந்தேன். உடன் வந்த மூத்த பறவை நோக்கர், ஓயாமல் வாலை ஆட்டியபடி, மார்பின் வெண்மை தோள்வரை ஏறியிருந்ததைச் சாதா உள்ளான் என்றும், முதுகெங்கும் பொரி இறைத்தாற்போன்ற புள்ளிகளும் வெள்ளைப் புருவமும் கொண்டதைப் பொரி உள்ளான் என்றும் தொலைநோக்கியில் பொறுமையாகக் காட்டினார்.

பாகூர் வாசகர்: நல்ல வழிகாட்டி பறவைகளை நெருங்கவும் விடமாட்டார். அவை தலையை உயர்த்தியதுமே நம்மை நிறுத்திவிடுவார்; ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தவற்றை வீணாக எழுப்பிப் பறக்கவைத்தால், இரை தேடும் நேரமும் சேர்த்த வலுவும் வீணாகும். ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவைகளை வரவழைப்பவருடன் தயவுசெய்து போகாதீர்கள்.

வில்லியனூர் வாசகர்: உண்மைதான். காலை ஆறரைக்கே சென்று, வெயில் முதுகில் விழும் கரையில் நில்லுங்கள். நேரமிருந்தால், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, விழுப்புரம் மாவட்டத்திலுள்ள கழுவேலி சதுப்புநிலத்துக்கும் போகலாம். கடல்நீரும் நன்னீரும் கலக்கும் அந்தப் பரப்பில் பூநாரைகளைக் காண வாய்ப்புண்டு.